செங்கல்லின் மூலை

கரும்பலகையில் 'குறுங்கோணம் ஒன்று வரைக' என்று எழுதிப்போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் நோட்டின் ஓரத்தில் இரண்டே இரண்டு குட்டைக் கோடுகளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோடுகள் எறும்பு நீளம்தான். ஆனால் அவற்றுக்கு இடையில் இருந்த கோணம் நன்றாக அகன்று, 130 பாகைக்குக் குறையாமல் இருந்தது.

"இது குறுங்கோணமாப்பா?"

"ஆமாம் மிஸ். எவ்ளோ சின்னதா போட்டிருக்கேன் பாருங்க."

அதற்கு முன்பெல்லாம் இப்படி ஒரு நோட்டைப் பார்த்தால் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். அன்று போக முடியவில்லை. அவனுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்திருந்தது. 'குறு' என்றால் சிறியது, குட்டையானது. குறும்படம் என்றால் நீளம் குறைந்த படம். அப்படியானால் குறுங்கோணம் என்றால் குட்டையான கோணம்தானே? சொல்லை நம்பித்தான் அவன் வரைந்தான். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளை நான் இன்னும் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை.

எனக்குத் திருப்பாச்சூரில் வீடு. திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். பெருக்கல் வாய்ப்பாடு வராத பிள்ளையைக்கூட ஒரு மாதத்தில் கரையேற்றிவிடலாம். கோணம் அப்படியில்லை. புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும், ஆனால் புரிந்திருக்காது. தேர்வில் மூன்று படம் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். அதே படத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் விழிப்பார்கள்.

அந்தப் பையனுக்குப் பிறகு மற்றப் பெயர்களையும் பிள்ளைகளின் காதால் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். முதல் இடைஞ்சல் 'கோணம்' என்ற சொல்லிலேயே இருந்தது. வீட்டில் அவர்கள் கேட்டு வளர்ந்தது கோணல். கோடு கோணலாகப் போகிறது, வகிடு கோணலாக இருக்கிறது, கோணல்மாணலாக எழுதாதே. கோணல் என்றால் தப்பு. பிறகு நான் கதவின் மூலையைக் காட்டி இது ஒரு கோணம் என்றால், "அது நேராத்தானே இருக்குது மிஸ், கோணலா இல்லையே" என்கிறார்கள். செங்கோணம் இன்னும் வேடிக்கையானது. "செவப்பா இருக்குமா மிஸ்?" என்று கேட்காத வகுப்பு கிடையாது. செம்பருத்தி, செம்மண், செவ்வானம் என்று பழகிய பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்? இந்தச் 'செம்' செம்மையிலிருந்து வருகிறது. செங்கோல், செங்குத்து, செவ்வகம் எல்லாவற்றிலும் இருப்பது வளையாத, சாயாத அந்தச் செம்மைதான். விரிகோணம் ஒன்றுதான் தகராறு செய்யாது. பாயை விரித்தவர்கள், குடையை விரித்தவர்கள், அவர்களுக்கு அது உடனே பிடிபடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் குறுங்கோணத்துக்குக் கூர்ங்கோணம் என்று பெயர். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் கூர்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கூர் என்றால் ஈட்டி முனை, பென்சில் முனை. முனை கூராக இருக்கிறதா என்றுதான் பிள்ளை பார்க்கும், கோட்டின் நீளத்தைப் பார்க்காது. பாடநூல் சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் வகுப்பில் முதல் நாள் கூர்ங்கோணம் என்று சொல்லி, மறுநாள் "நம்ம புத்தகத்துல இதுக்குக் குறுங்கோணம்னு பேரு" என்று சொல்கிறேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெயர் இருக்கட்டும். கோணம் என்பதே என்ன? இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் கோணம் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதைக் கேட்கும் பிள்ளை கோடுகளைப் பார்க்கிறது. நீளமான கோடு என்றால் பெரிய கோணம், குட்டைக் கோடு என்றால் சின்னக் கோணம் என்று எடுத்துக்கொள்கிறது. தையல் கத்தரிக்கோலையும் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலையும் ஒரே அளவு திறந்து பிடித்து, எதில் கோணம் பெரிது என்று கேட்டுப் பாருங்கள். பெரிய கத்தரிக்கோலுக்குத்தான் அதிகக் கைகள் உயரும். கோணம் என்பது கோட்டின் அளவில்லை, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவு. பாடம் முழுவதும் எனக்கு இந்த ஒரு வரிதான். இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, திருப்பித்தான் காட்ட வேண்டும்.

எங்கள் ஊர் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. கிழக்கே திருவள்ளூர். மேற்கே போனால் திருத்தணி. வடக்கே பூண்டி ஏரி, 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியது, சென்னைக்குக் குடிநீர் போகிற சத்தியமூர்த்தி சாகர். தெற்கே கடம்பத்தூர் ரயில் நிலையம். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி, "எல்லாரும் திருவள்ளூரைப் பாருங்க. இப்ப பூண்டியைப் பாருங்க" என்கிறேன். கால் திரும்புகிறது. அதுதான் செங்கோணம். "மறுபடி திருவள்ளூர். இப்ப பூண்டிக்குப் போறதுக்குள்ள பாதியில நில்லுங்க." அது குறுங்கோணம். "பூண்டியைத் தாண்டுங்க, ஆனா திருத்தணிக்குப் போகாதீங்க." அது விரிகோணம். "இப்ப திருத்தணி." முதுகுக்குப் பின்னால் திருவள்ளூர் வந்துவிடுகிறது. அதுதான் நேர்கோணம், 180 பாகை.

நேர்கோணத்தைத் தாளில் கற்றுக்கொடுப்பது பெரும் பாடு. "இது கோடு மிஸ், இதுல கோணம் எங்க இருக்குது?" என்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்தான். தாளில் வெறும் கோடாகத் தெரிவது மைதானத்தில் முகம் முழுவதுமாகத் திரும்புவதாக இருக்கிறது. ஒரு பையன் இன்னும் திரும்பிக் கடம்பத்தூர் வரை போய்விட்டு, "இதுக்கு என்ன பேரு மிஸ்?" என்று கேட்டான். பின்வளைகோணம் என்று சொன்னேன். அது அந்த வகுப்புக்கான பாடம் இல்லை. ஆனால் கால் அங்கே போய் நின்ற பிறகு பெயரை மறைத்து வைப்பானேன்?

மைதானத்திலிருந்து தாளுக்குத் திரும்பும்போது நான் நினைத்துக்கொள்கிற ஒருவர் உண்டு. தண்டலம் சுந்தர ராவ். சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 1893-ல் சென்னையில் அவருடைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வெளியானது. தாளை மடித்தே வடிவியல் கற்பது எப்படி என்பதுதான் அதில் விஷயம். ஜெர்மனியில் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களில் தாள் மடிப்பும் ஒன்று. அதிலிருந்துதான் தனக்கு இந்த எண்ணம் வந்ததாக முன்னுரையில் சுந்தர ராவ் சொல்கிறார். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து புறப்பட்டு சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று போய்க் கூம்பு வளைவுகள் வரை மடித்துக் காட்டிவிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்து, 1901-ல் அமெரிக்காவில் சிகாகோவிலும் பதிப்பித்தார்கள். தண்டலம் என்ற பெயரில் எங்கள் பக்கமே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. அவர் எந்தத் தண்டலம் என்பதில் நான் இறங்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

மடிப்பு மிக எளிது. ஓரம் கிழிந்த, கோணல்மாணலான ஒரு தாளே போதும். எப்படி வேண்டுமானாலும் ஒரு முறை மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடித்த விளிம்பு நேர்க்கோடு. பிறகு அந்த விளிம்பு அதன் மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு முறை மடியுங்கள். கையில் இருக்கும் மூலை செங்கோணம். ஸ்கேலும் வேண்டாம், கோணமானியும் வேண்டாம். விரித்துப் பார்த்தால் மடிப்புக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நான்கு செங்கோணங்கள். நேர்கோணத்தைச் சரிபாதி ஆக்கியதால்தான் அது செங்கோணமானது என்பதைப் பிள்ளையின் விரலே சொல்லிவிடுகிறது. அதையே இன்னொரு முறை மடித்தால் 45.

60 பாகைக்கும் வழி இருக்கிறது. நோட்டுத் தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். நடுவில் ஒரு மடிப்புக் கோடு கிடைக்கும். தாளின் கீழ் வலது மூலையை எடுத்து அந்த நடுக்கோட்டின் மேல் வையுங்கள். மடிப்பு கீழ் இடது மூலை வழியாகப் போக வேண்டும், அது முக்கியம். அந்த இடது மூலையில் இப்போது 30, 30, 30 என்று செங்கோணம் மூன்றாகப் பிரிந்துவிடும். இரண்டைச் சேர்த்தால் 60. முதல் முறை செய்யும்போது பாதிப் பிள்ளைகளுக்குக் கை வராது. பரவாயில்லை, தாள் நிறைய இருக்கிறது.

இரண்டு முறை மடித்த அந்தத் தாள் மூலைக்கு எங்கள் வகுப்பில் 'மூலைச் சீட்டு' என்று பெயர். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் சோதிப்பார்கள். சீட்டின் மூலையைப் பொருளின் மூலையில் வைத்து ஒரு பக்கத்தைப் பொருத்த வேண்டும். மறு பக்கமும் பொருந்தினால் செங்கோணம். கோணத்தின் கை சீட்டுக்கு அடியில் மறைந்துபோனால் குறுங்கோணம், சீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விரிகோணம். ஜன்னல், சாப்பாட்டுத் தட்டு வைக்கும் அலமாரி, 'ட' என்ற எழுத்து, 'ப' என்ற எழுத்து, கூரையின் முகடு, கொடிக்கம்பம் தரையில் நிற்கும் இடம் என எதையும் விடமாட்டார்கள். கடிகாரத்தில் மூன்று மணி செங்கோணம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். மூன்றரையும் செங்கோணம்தான் என்று இன்னொருத்தி அடம்பிடித்தாள். சீட்டை வைத்ததும் கை உள்ளே போய்விட்டது. சிறிய முள்ளும் நகர்ந்திருக்கிறது, அது நாலை நோக்கிப் பாதி வழியில் நிற்கிறது, அதனால் 75 பாகைதான். இதை அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சீட்டை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. என் அப்பா தச்சர். எங்கள் ஊர்க் கோயில் வாசீஸ்வரர் கோயில். மூங்கில் புதரை வெட்டும்போது வாச்சி பட்டு லிங்கத்தின் மேல் வெட்டுத் தழும்பு விழுந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்கிறது தல வரலாறு. வாச்சி தச்சரின் கருவி. அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது தன் வாச்சியைத் தொட்டுக்கொள்வார். அவருடைய சாமான்களில் நான் தொடக் கூடாதது ஒன்றே ஒன்று, மூலைமட்டம். கீழே விழுந்தால் கோணம் கெட்டுவிடும். புதிதாக வாங்கும்போது கடையிலேயே சோதிப்பார். நேரான பலகை விளிம்பில் மட்டத்தை வைத்து ஒரு கோடு இழுப்பார். பிறகு அதைப் புரட்டி, அதே இடத்தில் மறுபக்கமாக வைத்து இன்னொரு கோடு இழுப்பார். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சரியான மட்டம். மேலே போகப் போகப் பிரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பிரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. பள்ளிக்கூடமே போகாத ஒருவர் பிழையை இரண்டு மடங்காக்கிக் கண்ணுக்குக் காட்டும் வித்தையைச் செய்துகொண்டிருந்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த பிறகும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் இருந்தேன். கணிதப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மூலைமட்டத்தை இப்போது பிள்ளைகள் அதே முறையில் சோதிக்கிறார்கள்.

கொத்தனார்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் போடும் இடத்தில் ஒரு முளையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே சரியாக 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை சரி. காக்களூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்க்கும் ஒரு அப்பா, பிள்ளையின் மூலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐ.டி.ஐ.யில எங்களுக்கும் முதல்ல இதான் டீச்சர்" என்றார். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, டிரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். "வெளிச்சம் தெரியாம போற வரைக்கும் விடமாட்டாங்க." மறுநாளிலிருந்து எங்கள் வகுப்பிலும் அதுவே பேச்சாகிவிட்டது. "வெளிச்சம் தெரியுது மிஸ்" என்றால் செங்கோணம் இல்லை என்று அர்த்தம்.

இத்தனைக்கும் பிறகுதான் கோணமானியை எடுக்க வேண்டும். நான் பல வருடம் முதலில் அதைத்தான் எடுத்தேன். அரைவட்டத்தில் இரண்டு வரிசை எண்கள், ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். 50 என்று படிக்க வேண்டிய இடத்தில் 130 என்று படிப்பார்கள். 'உள் வட்டம், வெளி வட்டம்' என்று விதி சொல்லி இன்னும் குழப்புவோம். மூலைச் சீட்டு பழகிய பிள்ளைக்கு விதியே வேண்டாம். அளக்கும் முன்னால், "செங்கோணத்துக்கு உள்ளேயா வெளியேயா, சொல்லு" என்று கேட்டால் போதும். உள்ளே என்றால் 130 வராது என்று அதுவே தெரிந்துகொள்ளும். இன்னொன்று, பல கோணமானிகளில் பிளாஸ்டிக்கின் அடி விளிம்பு வேறு, 0 பாகைக் கோடு வேறு. கோடு விளிம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். விளிம்பைப் பொருத்தி அளக்கும் பிள்ளைக்கு எப்போதும் சில பாகை தவறும். கவனக்குறைவு என்று திட்டு வாங்கும். அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்ட யாருக்கும் தோன்றியிருக்காது.

வரையும்போதும் நான் ஒரு தவறைத் தொடர்ந்து செய்திருக்கிறேன். கரும்பலகையில் எப்போதும் முதல் கோட்டைக் கிடையாக, இடமிருந்து வலமாகவே போடுவேன். பிள்ளைகள் அப்படி நிற்பதுதான் கோணம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே செங்கோணத்தைக் கூரை முகடுபோலத் தலைகீழாக வைத்தால் செங்கோணம் இல்லை என்றார்கள். நெதர்லாந்தில் வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-ல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் இதைத்தான் விளக்கினார்கள். குழந்தை முதலில் ஒரு வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது. அதன் தன்மைகளைக் கொண்டு அடையாளம் காண்பது அடுத்த படி. அந்தப் படிக்கு வயது மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காது, பாடமும் பழக்கமும் கொண்டுபோக வேண்டும். இப்போது நான் முதல் கோட்டைச் சாய்த்தே போடுகிறேன். சில நாள் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, "எப்படி வேணும்னாலும் ஒரு கோடு போடு" என்று சொல்லிவிட்டு அதன் மேல் கோணத்தை வரையச் சொல்கிறேன்.

கொரோனாவுக்குப் பின் எங்கள் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 13.6.2022 அன்று, எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்தின்படி கீழ் வகுப்புகளில் ஆடியும் பாடியும் பொருள்களைத் தொட்டும் கற்ற பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது மடக்கு, திருப்பு, வைத்துப் பார் என்றால் கூச்சப்படுவதில்லை. இந்தப் பாடத்துக்கு அது எனக்குப் பெரிய உதவி.

பொங்கல் கழிந்த பருவத்தில் சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வரும். பிள்ளைகளில் சிலர் எங்களிடம் வந்து சேர்வார்கள். அப்படி ஒரு பெண் வந்தாள். தமிழ் நாலைந்து சொற்கள்தான் தெரியும். நான் கோணம் என்றதும் நிமிர்ந்தாள். அவர்கள் மொழியிலும் கோண என்றுதான் சொல்வார்கள், செங்கோணத்துக்கு சமகோண. சமம் என்ற சொல்லில் சிவப்பும் இல்லை, கோணலும் இல்லை. அவளுக்கு அந்தக் குழப்பமே இருக்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்தான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். 'செங்கோணம்' என்று சொல்லி ஏதோ கையால் காட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டேன்.

"செங்கல்லோட மூலை மிஸ். அதான் செங்கோணம்னு சொன்னேன்."

செங்கல்லின் 'செம்' சிவப்பு, செங்கோணத்தின் 'செம்' செம்மை. சொல்லாராய்ச்சிப்படி அது தப்பு. ஆனால் செங்கல்லின் மூலை செங்கோணம்தான். நான் திருத்தவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சூளைப் பெண் மூலைச் சீட்டை மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்தபோது சீட்டில் ஈரமண் கறை. விரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது, பெரிய ஆள் விரல். அவளுடைய அப்பா கல் அறுக்கும் மர அச்சை எடுத்து அதன் உள்மூலை நான்கிலும் சீட்டை வைத்துப் பார்த்தாராம். நான்கு விரலைக் காட்டி, மூன்றை மடக்கி, மிச்சமிருந்த ஒரு விரலை ஆட்டிக்கொண்டே அவள் தமிழில் சொன்னாள்:

"வெளிச்சம் தெரியுது மிஸ்."